பிஎச்பி நிரலில் அமைவு விவரங்களை நினைவகத்தில் வைத்திருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஎச்பியில் தளம் நடத்துபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். தரவுத்தளத்தின் முகவரி, வரி விகிதம், மொழித் தேர்வு, கட்டண வாயிலின் அமைப்புகள் என்று நிரல் முழுவதற்கும் பொதுவான அமைவு (கான்ஃபிக்) விவரங்களை ஒரு ரிக்வெஸ்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் நினைவகத்திலேயே எப்படித் தங்கவைப்பது என்பதுதான் இவற்றின் மையம். லினக்ஸ் சர்வரில் எஃப்பிஎம் (வரும் ரிக்வெஸ்டுகளைத் தன் பணியாளர் பிராசஸ்களிடம் கொடுத்துப் பிஎச்பியை ஓட்டும் ஏற்பாடு) வழியாக ஓடும் பிஎச்பி 7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை மனத்தில் கொண்டு விடைகளை எழுதியுள்ளேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சுநடையிலேயே விட்டிருக்கிறேன்.

கான்ஃபிக்கை ஒரு தடவை படிச்சு குளோபல் வேரியபிள்ல வச்சுட்டேன். அடுத்த ரிக்வெஸ்ட் வரும்போது அது ஏன் காலியா இருக்கு?

பிஎச்பியில் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் தனி ஓட்டமாகவே நடத்தப்படுகிறது. எஃப்பிஎம்மின் பணியாளர் பிராசஸ் உயிரோடு இருந்து நூற்றுக்கணக்கான ரிக்வெஸ்டுகளுக்குப் பதில் சொல்லும் என்றாலும், ஒவ்வொன்றும் முடிந்தவுடன் உங்கள் நிரல் உருவாக்கிய மாறிகள், ஆப்ஜெக்டுகள், ஸ்டேட்டிக் மாறிகள் அனைத்தையும் அது துடைத்துவிடுகிறது. குளோபல் மாறியின் ஆயுளும் அந்த ஒரு ரிக்வெஸ்டுக்கு மட்டும்தான்.

இதைக் குறையென்று எண்ண வேண்டாம். ஒருவருடைய ரிக்வெஸ்டில் நேர்ந்த பிழையோ, விடுவிக்கப்படாமல் போன நினைவகமோ அடுத்தவரைப் பாதிக்காமல் இருப்பதற்கு இந்த வடிவமைப்பே காரணம். பிஎச்பி தளங்கள் மாதக்கணக்கில் கவனிப்பின்றியும் ஓடிக்கொண்டிருப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

அப்படின்னா ஒவ்வொரு தடவையும் டிஸ்க்குக்குப் போய்த்தான் ஃபைலைப் படிக்குதா? என் தளம் மெதுவா இருக்கறதுக்கு அதுதான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. ஒருமுறை படிக்கப்பட்ட கோப்பின் உள்ளடக்கத்தை லினக்ஸ் கெர்னல் தன்னுடைய பேஜ் கேஷில் வைத்துக்கொள்கிறது. நினைவகத்துக்கு நெருக்கடி வராதவரை அடுத்தடுத்த வாசிப்புகள் அங்கிருந்தே நிறைவேறுகின்றன, டிஸ்க் தொடப்படுவதே இல்லை.

செலவு இருப்பது படித்த எழுத்துகளைப் பொருளாக்கும் வேலையில்தான். யாமல், எக்ஸ்எம்எல் போன்ற வடிவங்களில் எழுதப்பட்ட கோப்பை எழுத்தெழுத்தாக ஆராய்ந்து அரேயாக மாற்றும் வேலை ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் புதிதாக நடக்கிறது. கோப்பு பெரிதாக இருந்தாலோ, பத்துப் பதினைந்து கோப்புகளாகப் பிரிந்திருந்தாலோ இந்த நேரம் கண்ணுக்குத் தெரியும். முப்பது வரிக் கோப்பு ஒன்றுதான் இருக்கிறது என்றால், அதை நினைவகத்தில் வைப்பதால் கிடைக்கும் லாபத்தைவிட ஒரே ஒரு தரவுத்தளக் கேள்வியைச் சீராக்குவதால் கிடைப்பது அதிகம். அமைவைப் படிக்கும் பகுதிக்கு முன்னும் பின்னும் நேரத்தைக் குறித்து, முதலில் அளந்து பாருங்கள்.

அளந்து பார்த்தேன், நேரம் எடுக்கத்தான் செய்யுது. நினைவகத்துல வைக்க என்னென்ன வழி இருக்கு?

நடைமுறையில் மூன்று வழிகளே முக்கியமானவை. அமைவைச் சாதாரண பிஎச்பி கோப்பாக எழுதி ஓப்கேஷ் (தொகுத்த நிரலை நினைவகத்தில் சேமிக்கும் பிஎச்பியின் பகுதி) அதை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும்படி விடுவது முதல் வழி. ஏபிசியு என்னும் நீட்சியைக் கொண்டு, ஒரே சர்வரில் உள்ள பணியாளர் பிராசஸ்களுக்குப் பொதுவான இடத்தில் மதிப்புகளைப் போட்டு எடுப்பது இரண்டாவது. ரெடிஸ், மெம்கேஷ்ட் போன்ற தனி சர்வரில் வைத்து நெட்வொர்க் வழியாகப் படிப்பது மூன்றாவது. இயங்குதளத்தின் ஷேர்டு மெமரியை (பிராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தை) நேரடியாகக் கையாளும் நான்காவது வழியும் உண்டு. அது ஏன் தேவைப்படாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என் கருத்தில், அமைவு விவரங்களைப் பொறுத்தவரை முதல் வழியே பெரும்பாலானோருக்குப் போதுமானது. அது போதவில்லை என்று காட்டும் காரணம் ஒன்று கையில் இருந்தால் மட்டுமே அடுத்ததற்குச் செல்லலாம்.

சும்மா ஒரு பிஎச்பி ஃபைல்ல அரேயை எழுதி ரிட்டர்ன் பண்ணா அது எப்படி நினைவகத்துல இருக்கும்?

ஓப்கேஷ் பிஎச்பி 5.5 முதல், அதாவது 2013 முதல், பிஎச்பியுடனேயே வருகிறது. பிஎச்பி கோப்பை முதன்முறை தொகுக்கும்போது கிடைக்கும் ஆப்கோடுகளை (பிஎச்பி நேரடியாக இயக்கும் கட்டளைகளை) எல்லாப் பணியாளர்களுக்கும் பொதுவான நினைவகப் பகுதியில் அது வைத்துவிடுகிறது. பிஎச்பி 7 முதல், ஒரு கோப்பில் உள்ள அரே முழுவதும் எண்கள், சொற்சரங்கள், அவற்றாலான உள் அரேக்கள் என்று மாறிலிகளாக மட்டுமே இருந்தால், அந்த அரேயும் மாற்ற முடியாத ஒன்றாக அதே பொதுப் பகுதியில் தங்கிவிடுகிறது. நிரல் அந்தக் கோப்பை இன்க்ளூட் செய்யும்போது அரே நகலெடுக்கப்படுவதில்லை, ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கான சுட்டி மட்டுமே கைக்கு வருகிறது. ஐந்தாயிரம் பதிவுகள் கொண்ட அரேயானாலும் ஐந்து பதிவுகள் கொண்டதானாலும் எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதில் ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். அரேக்குள் ஓர் இடத்திலாவது சூழல் மாறியைப் படிக்கும் ஃபங்ஷன் அழைப்பையோ, ஆப்ஜெக்ட் உருவாக்கத்தையோ எழுதிவிட்டால், அதைத் தாங்கிய பகுதி ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் புதிதாகக் கட்டப்படும். ஆகவே, மனிதர்கள் திருத்துவதற்கு யாமல் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, புதிய பதிப்பை ஏற்றும் நேரத்தில் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று அதைப் படித்து, எல்லா மதிப்புகளையும் கணித்து முடித்து, வெறும் மாறிலிகள் கொண்ட பிஎச்பி கோப்பாக எழுதித் தருவதே சிறந்த ஏற்பாடு. புகழ்பெற்ற ஃபிரேம்வொர்க்குகளான லாராவெல், சிம்ஃபனி ஆகியவையும் தங்கள் அமைவை இப்படித்தான் பிஎச்பி கோப்பாக முன்கூட்டியே மாற்றி வைக்கின்றன.

அந்த ஸ்கிரிப்ட் உண்மைக் கோப்பின் மேல் நேரடியாக எழுதக் கூடாது. பாதி எழுதப்பட்ட நிலையில் ஒரு ரிக்வெஸ்ட் வந்தால் தொடரியல் பிழையுடன் தளம் நின்றுவிடும். அதே அடைவில் தற்காலிகக் கோப்பு ஒன்றில் முழுவதும் எழுதி முடித்து, பிறகு அதற்கு உண்மைப் பெயரைச் சூட்டுங்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் நடக்கும் பெயர்மாற்றம் பிளவுபடாத ஒற்றைச் செயல் என்பதால், படிப்பவருக்குப் பழையது முழுமையாகவோ புதியது முழுமையாகவோ கிடைக்கும்.

ஃபைலை மாத்திட்டேன். ஆனா தளத்துல பழைய மதிப்பே வருதே?

கோப்பு மாறியதா என்பதை ஓப்கேஷ் இயல்பாக இரண்டு நொடிகளுக்கு ஒருமுறைதான் சரிபார்க்கும். அதற்குள் வரும் ரிக்வெஸ்டுகளுக்குப் பழைய மதிப்பே கிடைக்கும். நேரமுத்திரையைச் சரிபார்க்கும் அமைப்பையே வேகத்துக்காக அணைத்து வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் கோப்பை எத்தனை முறை மாற்றினாலும், எஃப்பிஎம்மை ரீலோட் செய்யும்வரை அல்லது அந்தக் கோப்பை மட்டும் செல்லாததாக்கும் ஓப்கேஷ் ஃபங்ஷனை அழைக்கும்வரை மாற்றம் தெரியாது. உங்கள் சர்வரில் எது நடப்பில் உள்ளது என்பதை முதலில் பாருங்கள்.

ஓப்கேஷ் ஒப்பிடுவது கோப்பின் மாற்ற நேரத்தை மட்டுமே, உள்ளடக்கத்தை அல்ல. எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே நேரமுத்திரையை இடும் கருவியால் பதிப்பை ஏற்றினால், மாற்றம் நடந்ததே அதற்குத் தெரியாமல் போகும். சிம்லிங்கை (ஓர் அடைவைச் சுட்டும் குறுக்குவழியை) புதிய அடைவுக்குத் திருப்பிப் பதிப்பு ஏற்றுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரும். பாதைகளின் உண்மை இருப்பிடத்தைப் பிஎச்பி இயல்பாக 120 நொடிகள் நினைவில் வைத்திருக்கிறது. அந்த இடைவெளியில் சில பணியாளர்கள் பழைய அடைவையும் சிலர் புதியதையும் பார்க்கக்கூடும்.

கோப்பு மாறும்போது அதன் பழைய உருவம் இருந்த இடம் உடனே விடுவிக்கப்படுவதில்லை, வீணான இடமாகக் கணக்கில் ஏறுகிறது. ஓப்கேஷின் இயல்பான மொத்த அளவு 128 மெகாபைட். வீணான இடம் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டி, புதியவற்றுக்கு இடமும் இல்லாமல் போனால் முழு கேஷும் மறுதொடக்கம் ஆகும். எனவே, நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் மதிப்புகளுக்கு இந்த வழி பொருந்தாது.

கமாண்ட் லைன்ல இருந்து கேஷை அழிச்சேன். எர்ரர் எதுவும் வரல, ஆனா தளத்துல ஒண்ணும் மாறல. ஏன்?

நீங்கள் அழித்தது வேறொரு கேஷ். பொது நினைவகப் பகுதியை எஃப்பிஎம்மின் தலைமைப் பிராசஸ் தொடங்கும்போதே உருவாக்குகிறது, அதிலிருந்து பிறக்கும் பணியாளர்கள் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கமாண்ட் லைனில் ஓட்டும் பிஎச்பி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. ஓப்கேஷ் அங்கே இயக்கப்பட்டிருந்தால், அது தனக்கென ஒரு பகுதியை உருவாக்கி, உங்கள் கட்டளைப்படி அதைத் துடைத்து, அதனோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது. ஏபிசியு கமாண்ட் லைனில் இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கருவி) வேலை ஒன்று ஏபிசியுவில் எழுதிவைத்த மதிப்பைத் தளம் படிக்கும் என்று எதிர்பார்ப்பவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

எஃப்பிஎம்மை ரீலோட் செய்வது எளிய தீர்வு. அது வேண்டாமென்றால், சர்வரின் உள்ளிருந்து மட்டுமே திறக்கக்கூடிய முகவரி ஒன்றை அமைத்து அதன் வழியாக அழிக்கலாம், அல்லது எஃப்பிஎம்முடன் ஃபாஸ்ட்சிஜிஐ (வெப் சர்வர் எஃப்பிஎம்முடன் பேசும் முறை) மொழியில் நேரடியாகப் பேசும் கேஷ்டூல் போன்ற கருவியைப் பயன்படுத்தலாம்.

அப்போ ஏபிசியு எப்பதான் தேவைப்படும்?

பதிப்பு ஏற்றும் நேரத்தில் தெரியாத, தளம் ஓடும்போதே மாறக்கூடிய அமைவுக்கு அது தேவைப்படும். நிர்வாகி ஒருவர் திரையில் அமர்ந்து மாற்றும் அமைப்புகள் தரவுத்தள அட்டவணையில் இருக்கின்றன என்று கொள்வோம். ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் அந்த அட்டவணையைப் படிப்பதற்குப் பதிலாக, ஒருமுறை படித்து ஏபிசியுவில் வைத்து, நிர்வாகி சேமிக்கும் பொத்தானை அழுத்தும்போது அழித்துவிடலாம். சேமிப்பும் எஃப்பிஎம்முக்குள்ளேயே நடப்பதால் முந்தைய கேள்வியில் சொன்ன சிக்கல் இங்கே எழாது.

ஆனால் ஏபிசியுவிலிருந்து அரேயை எடுக்கும்போதெல்லாம் பொதுப் பகுதியிலிருந்து அந்த ரிக்வெஸ்டின் சொந்த நினைவகத்துக்கு முழு நகல் எடுக்கப்படுகிறது. பெரிய அரே முழுவதையும் ஒரே சாவியில் (மதிப்பைச் சேமித்து எடுக்கும் பெயரில்) போட்டுவிட்டு அதிலிருந்து ஒரு மதிப்பை மட்டும் பயன்படுத்துவது வீண். மாறாக, ஒவ்வொரு மதிப்பையும் தனிச் சாவியில் வைத்தால், மாற்றம் நடக்கும் கணத்தில் ஒரு ரிக்வெஸ்டுக்குப் பாதி பழையதும் பாதி புதியதும் கலந்து கிடைக்கலாம். ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை ஒரே சாவியில் வைத்து, தொடர்பில்லாதவற்றைப் பிரித்துவிடுவதே நான் சொல்லும் அளவுகோல்.

சாவி இல்லாவிட்டால் ஏபிசியு ஃபால்ஸ் என்று திருப்பும். நீங்கள் சேமித்த மதிப்பே ஃபால்ஸ் ஆக இருந்தாலும் அதையேதான் திருப்பும். ஆன், ஆஃப் வகை அமைப்புகளில் இது தொடர்ந்து குழப்பம் தருகிறது: அணைத்து வைத்த ஓர் அமைப்பைக் கேஷில் இல்லை என்று நிரல் தவறாக எண்ணி, ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் தரவுத்தளத்துக்கு ஓடும். எடுக்கும் ஃபங்ஷனின் இரண்டாவது அளபுருவில் கிடைக்கும் வெற்றிக்குறியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எஃப்பிஎம் ரீஸ்டார்ட் ஆனா எல்லாம் போயிடுமே? அதைத் தடுக்க என்ன வழி?

போய்விடும். ரீலோட் செய்தாலும் போய்விடும், ஏனெனில் தலைமைப் பிராசஸே தன்னைப் புதிதாகத் தொடங்கிக்கொள்கிறது. ஏபிசியுவின் இயல்பான அளவு 32 மெகாபைட் மட்டுமே. அது நிறைந்துவிட்டாலும் நீங்கள் வைத்தவை வெளியேற்றப்படலாம்.

இதைத் தடுக்க முயல்வதே தவறான திசை என்று நான் உறுதியாக நம்புகிறேன். நினைவகத்தில் இருப்பது நகல், உண்மையான அமைவு கோப்பிலோ தரவுத்தளத்திலோதான் இருக்க வேண்டும். நினைவகத்தில் கிடைக்காவிட்டால் மூலத்திலிருந்து படித்து மீண்டும் வைத்துக்கொள்ளும் பாதை நிரலில் எப்போதும் இருக்க வேண்டும். சோதனைச் சர்வரில் கேஷை அழித்துவிட்டுத் தளத்தின் ஒவ்வொரு பகுதியும் வேலை செய்கிறதா என்று பார்த்தால், அந்தப் பாதை ஒழுங்காக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. மறுதொடக்கம் ஆன அந்த நொடியில் ஐம்பது ரிக்வெஸ்டுகள் ஒன்றாக வந்தால், ஐம்பதுக்கும் கேஷ் காலியாக இருக்கும், ஐம்பதும் தரவுத்தளத்தின் மேல் விழும். ஏபிசியுவின் என்ட்ரி ஃபங்ஷன் பூட்டுப் போட்டு ஒருவரை மட்டும் மதிப்பை உருவாக்கவிட்டு மற்றவர்களைக் காக்கவைக்கிறது. அந்தப் பூட்டு மொத்த ஏபிசியுவுக்கும் உரியது என்பதால், அதற்குள் நீண்ட வேலை எதையும் செய்யாதீர்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தோட ஷேர்டு மெமரியிலேயே நேரா வச்சா பிராசஸ் செத்தாலும் இருக்குமே. அது நல்லதில்லையா?

இருக்கும். சிஸ்டம் ஃபைவ் வகை ஷேர்டு மெமரியின் துண்டு ஒன்றை உருவாக்கிய பிராசஸ் முடிந்த பிறகும், யாராவது வெளிப்படையாக நீக்கும்வரை அல்லது கணினி மறுதொடக்கம் ஆகும்வரை அது அப்படியே நிற்கும். பிஎச்பியின் எஸ்எச்எம்ஆப் நீட்சி இதற்கு வழி தருகிறது. ஆனால் அது தருவது வெறும் பைட்டுகளின் வரிசை. அளவை முன்கூட்டியே தீர்மானிப்பது, அரேயைச் சொற்சரமாக்கி எழுதுவது, ஒருவர் எழுதும்போது இன்னொருவர் படிக்காமல் செமஃபோர் என்னும் பூட்டைக் கொண்டு காப்பது, பழைய பதிப்பு விட்டுச்சென்ற துண்டைக் கண்டறிந்து நீக்குவது எல்லாம் உங்கள் பொறுப்பாகிவிடும். இத்தகைய துண்டுகளைப் பட்டியலிடும் ஐபிசிஎஸ் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், உரிமை கொண்டாட எந்தப் பிராசஸும் இல்லாத துண்டுகள் பட்டியலில் நிற்பதைப் பல பழைய சர்வர்களில் காணலாம்.

நினைவகத்தையே கோப்பு முறைமையாகக் காட்டும் டெம்ப்எஃப்எஸ்ஸில் அமைவுக் கோப்பை வைக்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. பேஜ் கேஷ் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துவிடுகிறது என்று இரண்டாம் கேள்வியில் பார்த்தோம். பொருளாக்கும் செலவு அப்படியே இருக்கும். டாக்கர் கன்டெய்னருக்குள் இதற்கென இயல்பாகக் கிடைக்கும் ஷேர்டு மெமரி இடமும் 64 மெகாபைட்தான்.

ரெண்டு சர்வர் இருக்கு. பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணா ஒரு தடவை புதுசும் ஒரு தடவை பழசும் மாறி மாறி வருது. என்ன செய்ய?

ஓப்கேஷும் ஏபிசியுவும் ஒரு சர்வரின் எல்லையைத் தாண்டாதவை. நிர்வாகி மாற்றத்தைச் சேமித்த ரிக்வெஸ்ட் எந்தச் சர்வருக்குப் போனதோ, அதில் மட்டும் கேஷ் அழிந்திருக்கிறது. இங்கேதான் ரெடிஸும் மெம்கேஷ்டும் உண்மையிலேயே பயன்படுகின்றன. 2003இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் லைவ்ஜர்னல் தளத்துக்காக மெம்கேஷ்டை எழுதியதும், பல சர்வர்கள் ஒரே கேஷைப் பகிர்ந்துகொள்ளும் தேவைக்காகத்தான். மெம்கேஷ்டில் ஒரு மதிப்பு இயல்பாக 1 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது. ரெடிஸில் எண்ணாகப் போட்டது சொற்சரமாகவே திரும்பும் என்பதால் கண்டிப்பான ஒப்பீடுகளில் கவனம் தேவை.

அமைவு முழுவதையும் ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் நெட்வொர்க் வழியாக இழுக்க வேண்டியதில்லை. ரெடிஸில் பதிப்பு எண்ணை மட்டும் வைத்து, முழு அமைவையும் அந்த எண் சேர்ந்த சாவியுடன் ஒவ்வொரு சர்வரின் ஏபிசியுவிலும் வையுங்கள். நிர்வாகி சேமிக்கும்போது எண்ணை ஒன்று கூட்டினால் போதும். எந்தச் சர்வரும் அடுத்த ரிக்வெஸ்டிலேயே தன்னிடம் அந்த எண்ணுக்குரிய நகல் இல்லை என்று கண்டுகொண்டு, மூலத்திலிருந்து புதிதாகப் படிக்கும். பழைய எண்ணுக்குரிய நகல்கள் தாமே மறையும்படி அவற்றுக்கு ஆயுள் ஒன்றைக் குறித்துவிடுங்கள்.

ராத்திரி 12 மணிக்குச் சரியா வரி விகிதம் மாறணும். அந்த நேரத்துல கேஷை அழிக்க கிரான் போட்டா சரியா வருமா?

வரும் என்று நம்பி இருக்க முடியாது. கிரான் சில நொடிகள் பிந்தலாம், இரண்டு சர்வர்களில் ஒன்று மட்டும் அழிந்திருக்கலாம். ஓப்கேஷின் இரண்டு நொடி இடைவெளியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று நெய், வெண்ணெய் போன்றவற்றின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பில் போடும் நிரலில் 12 என்ற எண்ணை அமைவில் வைத்துவிட்டு நள்ளிரவில் 5 என்று மாற்றக் காத்திருப்பதைவிட, எந்தத் தேதிமுதல் எந்த விகிதம் என்ற பட்டியலையே அமைவாக வைக்க வேண்டும். அப்போது புதிய விகிதம் சில நாட்களுக்கு முன்பே எல்லா நகல்களிலும் ஏறியிருக்கும். நள்ளிரவில் கேஷைத் தொடவே வேண்டாம், பில்லின் தேதியைப் பார்த்து நிரலே விகிதத்தைத் தேர்ந்துகொள்ளும். பழைய பில்லை மறுபடி அச்சிட்டாலும் அன்றைய விகிதமே வரும்.

தேதியை ஒப்பிடும்போது நேர மண்டலத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யுடிசியில் இருந்தால், அதற்கு அந்த நள்ளிரவு இந்திய நேரம் காலை 5.30 மணிக்குத்தான் வரும்.

தரவுத்தள பாஸ்வேர்டையும் இதிலேயே வைக்கலாமா?

ஏபிசியுவில் வைக்காதீர்கள். ஒரே தலைமைப் பிராசஸின் கீழ் வெவ்வேறு பயனர் கணக்குகளில் ஓடும் பூல்கள் (பணியாளர் குழுக்கள்) இருந்தாலும் அவை அனைத்துக்கும் ஏபிசியு ஒன்றுதான். பக்கத்துத் தளத்தின் நிரல் எல்லாச் சாவிகளையும் பட்டியலிட்டுப் படித்துவிட முடியும். ஒரே நிரலின் இரண்டு நிறுவல்கள் ஒரே சர்வரில் இருந்தால், சாவிகள் மோதி ஒன்றின் அமைவு மற்றதற்குப் போய்ச்சேரும் அபாயமும் இதனால் வருகிறது. ஒவ்வொரு சாவிக்கும் முன்னொட்டு சேர்ப்பது மோதலைத் தடுக்கும், எட்டிப் பார்ப்பதைத் தடுக்காது. தளங்களை முழுமையாகப் பிரிக்க வேண்டுமென்றால் எஃப்பிஎம் தலைமைப் பிராசஸ்களையே தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

தனி சர்வரைப் பயன்படுத்துபவர்கள் அதை வெளி இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. 2018 பிப்ரவரியில் கிட்ஹப் தளத்தின் மீது நொடிக்கு 1.35 டெராபிட் அளவில் போக்குவரத்தைக் கொட்டிய தாக்குதல், இணையத்துக்குத் திறந்து கிடந்த மெம்கேஷ்ட் சர்வர்களைக் கருவியாக்கியே நடத்தப்பட்டது.

ஸ்வூல், ரோட்ரன்னர், ஃபிராங்கன்பிஎச்பி மாதிரி மாறிட்டா இந்தப் பிரச்சினையே இருக்காதுதானே?

முதல் கேள்வியின் பிரச்சினை இருக்காது. எஃப்பிஎம்முக்கு மாற்றாகப் பிஎச்பியை ஓட்டும் இவற்றின் பணியாளர் முறையில் நிரல் ஒருமுறை துவங்கி, ரிக்வெஸ்டுகளைச் சுற்றிச் சுற்றி வாங்கிக்கொண்டே இருக்கும், ஆகவே சாதாரண மாறியில் வைத்த அமைவும் நிலைத்திருக்கும். அதற்குப் பதிலாக எதிர்ப்பக்கச் சிக்கல் வந்துசேரும். ஒரு ரிக்வெஸ்டில் வாடிக்கையாளருக்காக மொழியைத் தமிழ் என்று அமைவு அரேயிலேயே மாற்றிவிட்டால், அதே பணியாளரிடம் அடுத்து வருபவருக்கும் தமிழே தெரியும். நாணயம், தள்ளுபடி போன்றவற்றில் இது நடந்தால் பணத்தில் முடியும். அமைவை மாற்ற முடியாத ஆப்ஜெக்டாக, பிஎச்பி 8.1 முதல் கிடைக்கும் ரீட்ஒன்லி பண்புகளுடன் கட்டிவைத்து, ரிக்வெஸ்டுக்கு உரியவற்றைத் தனி ஆப்ஜெக்டில் கொண்டுசெல்லுங்கள்.

இங்கே ஒவ்வொரு பணியாளரிடமும் தனித்தனி நகல் இருப்பதால், ஒரே சர்வருக்குள்ளேயே பழையதும் புதியதும் மாறி மாறி வரும். இரண்டு சர்வர்களுக்காகச் சொன்ன பதிப்பு எண் முறை இதற்கும் அப்படியே பொருந்தும்: ரிக்வெஸ்டின் தொடக்கத்தில் எண்ணை ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் அமைவை மறுபடி படித்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.